மக்சிம் வீட்டு ஆர்கான் மெஷின்

காரைக்காலில் யார் புது வீடு கட்டினாலும் மாடிப்படிக் கைப்பிடி வேலை என் சகலை அன்பழகனுக்குத்தான் போகிறது. திருநள்ளாறு ரோட்டில் போனால் இடது பக்கம் அவன் போட்ட பால்கனிக் கம்பி பளபளக்கும். அதைப் பார்க்க வேண்டாமென்று வலது பக்கம் திரும்பினால் அங்கே அவன் போட்ட கேட் நிற்கும். அதனால் நான் இப்போதெல்லாம் ரோட்டை மட்டும் பார்த்து வண்டி ஓட்டுகிறேன். "ஒங்க ஓட்டம் நிதானமாயிடுச்சிங்க" என்று என் மனைவி தேவிகா ஒருநாள் பாராட்டினாள். காரணம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பட்டறை குரும்பகரத்தில் இருக்கிறது. இரும்பு கேட், ஜன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர், எல்லாம் ராடு வைத்து அடிக்கிற ஆர்க் வெல்டிங் வேலை. இதில் சோமசேகரனை மிஞ்ச விழிதியூர் வரைக்கும் ஆள் கிடையாது. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அன்பழகன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அது அவன் ஆர்கான் மெஷின் வாங்குவதற்கு முன்னால். வாங்கிய பிறகு அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சே வருவதில்லை.

டிக் வெல்டிங் என்று கடைக்காரர்கள் சொல்வதைத்தான் நாங்கள் ஆர்கான் என்கிறோம். எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் குழாயைக் கண்ணுக்கு அழகாக ஒட்ட வேண்டுமானால் அதுதான் வேண்டும். பொறி பறக்காது, புகை வராது, சட்டையில் ஓட்டை விழாது. கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம், அன்பழகன் அப்படித்தான் செய்கிறான். என் சட்டைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைதான்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அக்காளைக் கட்டியவன் நான், தங்கை விஷ்ணுப்ரியாவைக் கட்டியவன் அவன். மாமனார் வீட்டில் முதல் இலை பெரிய மாப்பிள்ளைக்குத்தான். போன பொங்கலிலும் எனக்குத்தான் முதல் இலை போட்டார்கள். ஆனால் மாமியார் என் இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அன்பு, நீங்க போட்டுக் குடுத்த கைப்புடிய புடிச்சிக்கிட்டுதான் நான் மாடியே ஏறுறேன்" என்று அவனைப் பார்த்துப் பேசினார். சாம்பார் இலையை விட்டு ஓடியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

இப்படி நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் மக்சிம் வீட்டு மெஷின் பற்றிய செய்தி வந்தது. கொண்டு வந்தவள் தேவிகா. பட்டறையை ஒட்டிய முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் போட்டுத் தைக்கிறாள். டவுனிலிருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பத்துப் பெண்கள்கூட ரவிக்கைக்கு அவளிடம்தான் வருவார்கள். அப்படி அளவு கொடுக்க வந்த மரியம்மா, தன் கணவர் மக்சிம் வெல்டிங் மெஷினை விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மக்சிம் பிரான்சில் பால் தொட்டி செய்கிற பட்டறையில் வேலை பார்த்து, ரெத்ரேத், அதாவது ரிட்டையர், ஆனதும் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே பட்டறையை மூடியபோது மெஷினை இவரே எடுத்துக்கொண்டு, சோபா, பிரிட்ஜோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டாராம். இப்போது கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இனி வெல்டிங் வெளிச்சம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பழசுதான், ஆனா நல்ல மெஷினாம். அதுக்கு வேண்டிய மூணு ஃபேஸ் கரண்ட் லைன் நம்மகிட்டதான் இருக்கே. போயி பாத்துட்டு வருவோங்க" என்றாள் தேவிகா.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். தைத்த ரவிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மக்சிம் எங்களை வீட்டின் பின்புறம் இருந்த கூடத்துக்கு அழைத்துப்போனார். மெஷின், சக்கரம் வைத்த நீல நிற இரும்புப் பெட்டி. பட்டனுக்கெல்லாம் பக்கத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. ஓரம் துருப்பிடித்திருந்தாலும் ஒயரெல்லாம் புதுசு போல இருந்தது. கீழே ஒரு ஒயரின் நுனியில் கால் வைக்கிற பெடல் கிடந்தது.

"இது என்னாங்க?" என்று கேட்டேன். அன்பழகனிடம் இருப்பது கையில் தூக்கிப்போகிற சின்ன மெஷின், அதில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"கரண்ட கூட்ட, கொறைக்க. எங்க பட்டறையில எல்லாருமே கால்லதான் தம்பி ஓட்டுவோம்" என்றார் மக்சிம். பிறகு ஃபேனை நிறுத்தி, கடல் பக்க ஜன்னலையும் சாத்தினார். "காத்து அடிச்சா ஆர்கான் கேஸு கலைஞ்சி போயிடும். அப்புறம் ஒட்டு பூரா கருத்துடும்."

எனக்கு அப்போதே வேர்த்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு டார்ச்சைக் கையில் எடுத்தேன். அதன் நுனியில் டங்ஸ்டன் ஊசி. அது உருகாது, வெறும் தீயை மட்டும் கொடுக்கும். ஒட்டுகிற கம்பியை இன்னொரு கையால் ஊட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அன்பழகன் வேலை செய்யும்போது பார்க்காத மாதிரி எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

முதலில் தீக்குச்சி கொளுத்துகிற மாதிரி ஊசியை மக்சிம் வைத்த எஸ்.எஸ். தகட்டில் உரசினேன். ராடு பிடித்த கை வேறென்ன செய்யும்?

"உரசாதீங்க, உரசாதீங்க" என்று பதறினார் மக்சிம். "கிட்ட கொண்டு போயி பெடல மிதிங்க. தானா புடிச்சிக்கும்."

மிதித்தேன். தானாகப் பிடித்துக்கொண்டது. நான் பிரேக்கை மிதிக்கிற மாதிரி மிதித்துவிட்டேன் போல, தகட்டில் ஓட்டை விழுந்தது. அடுத்த தடவை காலை அடக்கினேன், தீ அழகாக நின்றது. சந்தோஷமாக நகர்த்தப்போனால் ஊசி போய் உருகின தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. ஊசி நுனி பாழ். மக்சிம் அதைக் கழற்றி, கிரைண்டரில் மறுபடி கூராக்கிக் கொடுத்தார். மறுபடி போட்டேன். மறுபடி முட்டியது.

விஷயம் இதுதான். ராடு எரிய எரியக் குட்டையாகும். அது குட்டையாக ஆக, கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கவேண்டும். இருபது வருஷமாக என் கை இறங்கியே பழகிவிட்டது. டங்ஸ்டன் குட்டையாகாது, கை அதே உயரத்தில் நிற்க வேண்டும். மூளைக்கு இது நன்றாகப் புரிந்தது. கைக்குச் சொல்லித்தான் ஏறவில்லை.

"ஆர்க் கை" என்று சிரித்தார் மக்சிம். "அங்கயும் புதுசா வர்றவங்க இதே தப்பத்தான் பண்ணுவாங்க."

"எத்தன நாள்ல சரியாவுங்க?"

"சில பேருக்கு ஒரு மாசத்துல வந்துடும். சில பேருக்கு..." என்றவர் இருமத் தொடங்கிவிட்டார்.

வாசற்படியில் மரியம்மாவும் தேவிகாவும் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியவில்லை. "தேவிகா காலு எந்நேரமும் பெடல்லயே கெடக்குற காலுதானே. அவ போட்டுப் பாக்கட்டுமே" என்றார் மரியம்மா, வேடிக்கையாக. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். என் முகமூடியை நானே கழற்றி நீட்டி, "வா, வந்து போடு பாப்போம்" என்றேன். அவளும் ஓட்டை போட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தேவிகா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மக்சிம் கையுறையும் மேல்கோட்டும் கொடுத்தார். வெல்டிங் அவளுக்குப் புதிதல்ல. என் பட்டறையில் பைப்பைப் பிடித்துக்கொள்வாள், அவசரத்துக்கு ரெண்டு பொட்டு ஒட்டும் வைப்பாள். ஆனால் நீளமாக ஒட்டுக் கோடு ஓட்டியது கிடையாது.

ஆரம்பம் கோணலாகத்தான் இருந்தது. கம்பி தவறிக் கீழேயும் விழுந்தது. எனக்கு நிம்மதி. பிறகு அவள் கால் பெடலைக் கண்டுபிடித்துவிட்டது. மோட்டாரை அடக்கி மெதுவாக வளைவு தைப்பாளே, அதே மாதிரி அழுத்தினாள், தளர்த்தினாள். வலது கை ஒரே உயரத்தில் நகர்ந்தது. இடது கை, ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற மாதிரி, கம்பியைத் தள்ளிக்கொண்டே வந்தது. அந்தக் கை எங்கேயும் கீழே இறங்கவில்லை.

முகமூடியைத் தூக்கினாள். பாதிக்குப் பிறகு கோடு ஒரே சீராக, பொன் நிறத்தில் கிடந்தது.

"வுவாலா!" என்று பிரெஞ்சில் கூவினார் மக்சிம். தகடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல் குறட்டில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இந்த நெறம் வர எனக்கே எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நல்ல காலும்மா ஒனக்கு. நல்ல கை." நான் ஓட்டை போட்ட தகடுகளை எடுத்து அவர் ஓரமாக இருந்த டப்பாவில் போட்டார். மரியாதையாகத்தான் போட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்பழகன் மீது பொறாமைப்பட்டுப் பழகிவிட்டேன். அது வேறு ஊரில் எரிகிற அடுப்பு. அவனைப் பார்க்கிற நாளில் எரியும், வீட்டுக்கு வந்தால் தணியும். இவள் என் வீட்டுக்காரி. என் பக்கத்தில் படுப்பவள், எனக்குச் சோறு போடுபவள். இவள் மேல் பொறாமை வந்தால் எந்த வீட்டுக்குப் போய்த் தணிப்பது?

"என்னங்க, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார் மக்சிம்.

"பழைய மெஷினுங்க. ஸ்பேரு கெடைக்காது. யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

"ஒங்க இஷ்டம். சாயந்தரம் அன்பழகனும் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காரு. மொதல்ல கேட்டது நீங்க, அதான் சொல்லிட்டேன்."

பட்டறைக்கு வந்து இறங்கியதும் தேவிகா ஆரம்பித்தாள்.

"எனக்கு அந்த மெஷினு வேணுங்க."

"ஒனக்கு எதுக்கு?"

"வேல செய்யத்தான். கைப்புடி வேல, தொட்டி வேல எல்லாம் நாம எடுக்கலாமே."

"ஒரு கோடு ஓட்டிட்டா வெல்டராயிடுவியா?"

"ஆவமாட்டேன். கத்துக்குவேன். மெஷினு நல்லா இல்லன்னு சொன்னீங்களே, நெஜமாவா? இல்ல, நான் போட்டது நல்லா இருந்துச்சே, அது புடிக்கலயா?"

நான் மேசை மேல் இருந்த ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினேன். "பொம்பள ஒக்காந்து வெல்டிங் போட்டா ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு ஒண்ணும் சொல்லாது. நீங்கதான் சொல்லுவீங்க."

உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பார்த்து அந்தச் சத்தம், பெடல் மேலிருக்கும் அவள் காலையே எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு கிரில்லை எடுத்து வைத்து ராடு அடித்தேன். நன்றாகத்தான் வந்தது. யார் பார்த்தார்கள்?

மெஷின் எனக்கு வேண்டாம். என் பட்டறையில் அவள் உட்கார்ந்து கோடு ஓட்டுவாள், நான் பக்கத்தில் நின்று பாலிஷ் போடுவேன், வருகிற பார்ட்டி எல்லாம் அவளைப் பார்த்துப் பேசும். அதற்கு நான் ஏன் மெஷின் வாங்க வேண்டும்? இதுவரைக்கும் தெளிவாகிவிட்டது. அதற்காக அன்பழகன் வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. அவனுக்குப் போன் போட்டேன்.

"அன்பு, மக்சிம் வீட்டு மெஷின பாக்கப் போறியாமே. காலைல நான் பாத்துட்டேன்யா. பழுது. தீயே நிக்கல."

"அப்புடியாண்ணே?" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் பைக் பட்டறை வாசலில் வந்து நின்றது. வழக்கமாக அவன் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்துப் பிரித்தான். தேவிகா கோடு ஓட்டிய தகடு.

"மரியம்மாதான் காட்டுனாங்க. மக்சிம் சாரு மாதா கோயில் பூசைக்குப் போயிட்டாராம். காலைல சோமசேகரன் வந்து போட்டுப் பாத்துட்டுப் போனாருன்னாங்க, வேற ஒண்ணும் கேக்கல, இத மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்" என்றான். "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க? ஒரு வார்த்த சொல்லலியே."

எனக்கு முதலில் புரியவில்லை. அதை நான் போட்டதாக நினைத்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

"போன்ல பழுதுன்னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சி, ஒங்களுக்கு மெஷினு மேல கண்ணுன்னு. ஆனா இத பாத்ததும் அசந்து போயிட்டேண்ணே. நான் போடுறத எல்லாம் பாலிஷ் போட்டுதான் மறைக்கிறேன். இதுக்கு பாலிஷே வேணாம்." அவன் தகட்டைத் தடவினான். "நெஜத்த சொல்லட்டுமா? இந்தக் கைக்கு அந்த மெஷினு போயிடக் கூடாதுன்னு, நானே வாங்கி கொட்டாயில போட்டு பூட்டிடலாமான்னு கூட நெனச்சேன். பொறாமதான். சொல்லிட்டேன்."

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! எத்தனை பொங்கலுக்கு, எத்தனை கைப்பிடிக்கு நான் காத்திருந்த பேச்சு இது. என் சகலை, மடிப்புக் கலையாத சட்டையோடு, என் சல்லடைச் சட்டைக்கு முன்னால் நின்று வயிறெரிகிறான். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அதையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே, "அட, சும்மா போட்டுப் பாத்ததுதான்யா" என்றேன்.

"சும்மா போட்டதே இப்புடியா! சரிண்ணே, நாம எதுக்கு அடிச்சிக்கணும்? மெஷின நீங்களே எடுத்துக்குங்க. மண்டபத்தூர்ல மீனு கம்பெனிக்கு எஸ்.எஸ். தொட்டி வேல ஒண்ணு வந்துருக்கு. ஒரு சொட்டு ஒழுகக் கூடாதாம், அதான் நான் பயந்துகிட்டு கெடக்கேன். ரெண்டு பேரும் சேந்து எடுப்போம். நாளைக்கி பார்ட்டிய மக்சிம் வீட்டுக்கே கூட்டிட்டு வர்றேன். அவங்க கண்ணு முன்னாடி இதே மாதிரி ஒரு கோடு ஓட்டிக் காட்டுங்க, போதும்."

தேவிகா சொம்பில் தண்ணீரோடு வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அன்பழகனிடம் சொம்பைக் கொடுத்தாள். மேசை மேல் கிடந்த தகட்டை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"காட்டுவாரு" என்றாள். "நாளைக்கி காட்டுவாரு."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "அது நான் போட்டது" என்று அவள் கத்தியிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். அவள் அந்தக் கோட்டை எனக்கே எழுதி வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். முகத்தில் கோபம் இல்லை. அந்த மெஷின் தனக்குக் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டவளின் முகம் அது. கல்யாணமான புதிதில்கூட நான் அவளை இப்படி ஏமாற்றி நின்றதில்லை.

"அன்பு" என்றேன். "அது நான் போட்டதில்ல."

"பின்ன? மக்சிம் சாரா?"

"தேவிகா."

அவன் தண்ணீர் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணியா?"

"ஆமா. நான் போட்டது ஓட்ட. டப்பாவுல கெடக்கும், போயி பாரு."

"இதுக்கு முன்னாடி போட்டுருக்காங்களா?"

"இன்னிக்கிதான் மொத தடவ."

அன்பழகன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தகட்டை மறுபடி கையில் எடுத்தான். பிறகு முன்னறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, எங்க பட்டறைக்கி வேணும்னா..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்சே வேணாம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "மெஷினு இங்கதான் வருது. ஒன் பட்டறைக்கிப் போயி குட்டியான லோடு வண்டிய எடுத்துக்கிட்டு வா, இப்பவே போயி ஏத்திக்கிட்டு வந்துடுவோம்."

தேவிகா வாசலில் வந்து நின்றாள். "யாருக்கு வாங்குறோம்னு மொதல்ல மக்சிம் சாருக்கு போன் போட்டு சொல்லுங்க" என்றாள்.

அவள் முன்னாலேயே போட்டேன். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "எடுத்துக்கிறோங்க. தேவிகாவுக்குத்தான். ஆமாங்க, தேவிகாதான் ஓட்டுவா" என்றேன். சொல்லி முடிக்கிறவரை அவள் அங்கேயே நின்றாள். முடித்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

குட்டியானையில் அன்பழகன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் போட்ட பால்கனிக் கம்பிகள் இரண்டு பக்கமும் தெருவிளக்கில் மின்னிக்கொண்டு போயின, அவனே அவற்றைப் பார்க்கவில்லை.

"அண்ணே" என்றான் கடைசியில். "வயிறு எரியுதுண்ணே."

"எனக்கும்தான்யா" என்றேன். "வண்டிய பாத்து ஓட்டு."